நானூற்றுப் பன்னிரண்டாவது உறை

பொத்தான் அறுந்த சட்டையோடு அப்பாவை அனுப்பிவைக்க அம்மா சம்மதிக்கவில்லை. குளிப்பாட்டி, உடுத்தி, முன்னறையில் பெட்டிக்குள் படுக்கவைத்த பிறகுதான் அது அவள் கண்ணில் பட்டது. மேல்பைக்கு மூடி இருந்தது, பொத்தான் இல்லை. கழற்ற வேண்டாம், அப்படியே தைத்துவிடுகிறேன் என்று ஊசியை எடுத்து வந்தாள். நூல் மூன்று தடவை காதைத் தவறவிட்டது. மகள் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"படகுல குனியிற மனுஷன். பையில இருக்கறதெல்லாம் தண்ணிக்குள்ள போயிரும்" என்றாள் அம்மா.

இனி எந்தப் படகில் குனியப் போகிறார் என்று மகள் கேட்கவில்லை. அம்மா தைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த பிஸ்கட் டப்பாவை இழுத்தாள். சதுரமான பெரிய தகர டப்பா. மூடியில் அப்பா கறுப்புப் பெயின்டால் 412 என்று எழுதியிருந்தார். உள்ளே கட்டைவிரல் அகலத்தில் பழுப்புக் காகித உறைகள், வரிசை வரிசையாய். ஒவ்வொன்றிலும் ஒரு கெண்டையின் ஒற்றைச் செதில். மேலே தேதி, வலை எண், நீளம், எடை, வயது. முதல் வரிசையிலிருந்து ஒன்றை உருவினாள். வலை ஏழு, எழுபத்தொரு சென்டிமீட்டர், வயது ஒன்பது. அப்பாவின் கடைசி மீன் கணக்கெடுப்பில் அகப்பட்டதிலேயே பெரிய மீன் அதுதான். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அப்பாவின் கை தானாக விரியும்.

உறையை அப்பாவின் பைக்குள் வைத்தாள். அம்மா மூடியை இழுத்துப் புதுப் பொத்தானைப் போட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அப்பாவின் வேலை மீன் எண்ணுவது. சொன்னால் சிரிப்பார்கள், பிறகு அப்படியும் ஒரு வேலையா என்பார்கள். ஆற்றை மறித்துக் கட்டிய அந்தச் சின்ன நீர்த்தேக்கத்தில் எவ்வளவு மீன் இருக்கிறது, எத்தனை வயசு, குஞ்சு எவ்வளவு, வரும் வருஷம் தூண்டில்காரர்களுக்கு ஏதாவது கிடைக்குமா, கிடைக்காதா என்று வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுத வேண்டும். ஒன்பது நாள் வலை போடுவார். அகப்பட்ட மீனை ஈரச் சாக்கில் கிடத்தி அளந்து, எடை பார்த்து, விலாவில் ஒரு செதிலை எடுத்துக்கொண்டு, வால் துடுப்பின் ஓரத்தில் ஒரு நறுக்கு நறுக்கித் திரும்ப விட்டுவிடுவார். நறுக்கு விழுந்த மீன் மறுபடி வலையில் வந்தால் அதை எண்ணமாட்டார். மரத்துக்கு உள்ளே வளையம் இருப்பதுபோல் செதிலிலும் இருக்கும். அதை லென்சில் பார்த்து வயதைச் சொல்லிவிடுவார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஒன்பது நாளில் நானூற்றுப் பன்னிரண்டு மீன்தான் வந்தது. ஒரு வயசுக் குஞ்சு பதினொன்று. எல்லாம் கிழட்டு மீன், வாரிசு இல்லாத வீடு மாதிரி. இரண்டு வருஷம் யாரும் தூண்டில் போடக்கூடாது, மூடிவிடுங்கள் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். அவருக்கு மேலே இருந்த அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. தூண்டில் போட்டி ஒன்றுக்கு அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். 412க்கு முன்னால் ஒரே ஒரு கோடு. அது 1412 ஆயிற்று. மீன்வளம் செழிப்பு, தூண்டிலுக்கு வாய்ப்பு மிகச் சிறப்பு என்று கீழே ஒரு வரி சேர்ந்தது.

போட்டிக்கு இருநூற்று நாற்பது பேர் வந்தார்கள். மூன்று நாள் கரையில் உட்கார்ந்து ஒன்பது மீன் பிடித்தார்கள். காலிக் கூடையோடு நின்றவர்களின் படம் பேப்பரில் வந்தது. விசாரணை வந்தது. நான் கையெழுத்துத்தான் போட்டேன், எண்ணியது அவன், அவனுக்கு எண்ணத் தெரியவில்லை என்றார் அதிகாரி. அப்பா டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். விசாரிக்க வந்தவர் அதைத் திறக்கவே இல்லை. மீன் செதிலை எண்ணவா என்னை அனுப்பினார்கள் என்று சிரித்தாராம். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளியே பெஞ்சில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு அப்பா வீடு திரும்பினார். அதன் பிறகு அவருக்குப் படகு இல்லை, வலை இல்லை. மதகில் ஷட்டரை ஏற்றி இறக்கும் வேலை.

ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஒரு பெயர் வைப்பதில் ஊருக்கு இருக்கிற சுறுசுறுப்பு வேறு எதிலும் கிடையாது. அப்பா 'ஓராயிரம்' ஆனார். ஓராயிரம் வீடு எது என்று கேட்டால் தபால்காரர் கைகாட்டுவார். பள்ளிக்கூடத்தில் மகள் 'ஓராயிரம் பொண்ணு'. கணக்குப் பாடத்தில் அவள் நூறு வாங்கினால் ஆயிரத்து நூறா என்று கேட்பார்கள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அந்த வயதில் மனசில் ஏறியது இறங்காது. இன்று ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணுகிறாள். அந்த வேலைக்கு அவள் வயிற்றுப்பாட்டுக்காகப் போகவில்லை, வீம்புக்குப் போனாள். பதினான்கு வருஷத்தில் ஒரு தப்பு வந்ததில்லை.

அப்பாவோ வீம்பு தெரியாத மனுஷன். மதகடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எண்ணத் தெரியாதவன் என்று சொன்ன அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வந்து, இந்த வாரம் எங்கே கடிக்கும் என்று அவரிடமே கேட்பார்கள். அவரும் சொல்வார். வடக்கு ஓடை வாயில் போடுங்க, மேற்கே வேண்டாம், அங்கே குஞ்சு நிக்குது என்பார். மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவங்களுக்கு ஏம்ப்பா சொல்றீங்க என்று சண்டை போட்டிருக்கிறாள். "கேக்கறாங்களேம்மா" என்பார்.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து அவர் தெளிவாகச் சொன்னதும் அந்த டப்பாவைப் பற்றித்தான். "அதத் தூக்கிப் போட்டுராத." அவ்வளவுதான். நேற்று மத்தியானம் போய்விட்டார்.

முன்னறையிலும் தெருவிலும் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பதினொன்றரைக்குள் இடுகாட்டுக்கு வந்துவிட வேண்டும், குழி வெட்டுகிறவருக்கு அடுத்த வேலை இருக்கிறது என்று வேன் டிரைவர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். தம்பிதான் எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அணைக்கட்டில் படகுத் துறையில் சீட்டுக் கிழிக்கும் வேலை. யாரோடும் பகை வைத்துக்கொள்ள முடியாத வேலை, வைத்துக்கொள்ளாத சுபாவம். பத்தரை மணிக்கு அவன் உள்ளே வந்து அக்காவின் காதில் கிசுகிசுத்தான்.

"தொப்பிக்காரர் வந்திருக்காரு. ஒண்ணும் பேசிராத."

அதிகாரியைத்தான் அப்படிச் சொன்னான். ஓய்வு பெற்றதிலிருந்து அகலமான துணித் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் நாடாவில் தூண்டில் முட்களைச் செருகிக்கொண்டு கரையே கதியென்று இருந்தார். தூண்டில் சங்கத்துக்கு இப்போது அவர்தான் தலைவர். சங்கத்து ஆட்கள் நாலைந்து பேரோடு வந்திருந்தார். எழுபத்தைந்து வயதிலும் முதுகு வளையாத உடம்பு. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். நல்ல கனமான பூமாலை. போட்டுவிட்டுப் பேசாமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவருக்கு நாலு பேரைக் கண்டால் தொண்டையைச் செருமாமல் இருக்க முடியாது. செருமினார். இறந்தவர் நல்ல மனிதர் என்றார். ஆற்றின் மேல் உயிரையே வைத்திருந்தவர் என்றார். அதோடாவது நிறுத்தியிருக்கலாம்.

"மனுஷன்னா தப்புப் பண்றதுதான். எண்ணிக்கையில ஒரு தடவ தவறிட்டாரு. எனக்கும் அதனால எவ்வளவோ கெட்ட பேரு. ஆனா அத நான் மனசுல வச்சுக்கல. எப்பவோ மன்னிச்சிட்டேன்."

அம்மாவின் கை பெட்டியின் விளிம்பில் இருந்தது. தம்பி தரையைப் பார்த்தான். நாற்காலியில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பெரிய மனசுதான் என்று யாரோ சொன்னது மகளின் காதில் தெளிவாக விழுந்தது.

மன்னித்துவிட்டாராம். திருடியவன் பறிகொடுத்தவனை மன்னிக்கிற கூத்தைப் பெட்டிக்குள் கிடக்கிற மனுஷன் எழுந்து கேட்கவா முடியும்? இருபத்திரண்டு வருஷமாக அவள் மனசுக்குள் எத்தனையோ விதமாக இந்த ஆளைக் கேட்டிருக்கிறாள். கரையில் வைத்துக் கேட்டிருக்கிறாள், கடைத்தெருவில் வைத்துக் கேட்டிருக்கிறாள், கனவில் சட்டையைப் பிடித்தே கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட இப்போது வாய்க்கு வரவில்லை. இந்த வாசலை விட்டு அப்பா போவதற்குள் அந்த வார்த்தை திரும்ப வாங்கப்பட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. பெட்டியை மூடிவிட்டால் அப்பா ஓராயிரமாகவே மண்ணுக்குள் போவார்.

உள்ளே போனாள். டப்பாவையும், அரிசி புடைக்கிற பெரிய முறத்தையும் எடுத்து வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் பெட்டியின் தலைமாட்டில் போட்டாள்.

"உக்காருங்க சார்."

அவருக்கு அது மரியாதையாகப் பட்டிருக்க வேண்டும். உட்கார்ந்தார். முறத்தை அவர் மடியில் வைத்து, டப்பாவைக் கையில் கொடுத்தாள்.

"எங்கப்பாவுக்கு எண்ணத் தெரியலன்னீங்க. நீங்க எண்ணுங்க. ஒரு மீனுக்கு ஒரு கவர். மூடியில என்ன எழுதியிருக்குன்னு எல்லாருக்கும் ஒரு தடவ படிச்சுக் காட்டிட்டு எண்ணுங்க."

தம்பி அக்காவின் கையைப் பிடித்தான். அவள் உதறவில்லை, அவன் கை அங்கே இருப்பதையே கவனிக்காதவள்போல் நின்றாள். தொப்பிக்காரர் சிரித்தார். சாவு வீட்டில் இதென்னம்மா என்றார். துக்கத்தில் பேசுகிறாள், உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள் என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சொன்னார். அப்போது பின்வரிசையிலிருந்து பழைய தபால்காரரின் குரல் வந்தது. அவரும் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஓராயிரம் வீடு எது என்று கேட்டவர்களுக்கெல்லாம் கைகாட்டிய மனுஷன்.

"எண்ணிட்டுத்தான் போங்களேன் சார். அந்தக் காலத்துல யாரும் எண்ணலயாமே."

சங்கத்து ஆட்களில் ஒருவர், சின்ன வயதுக்காரர், தலையை நீட்டி டப்பாவைப் பார்த்தார். அதுதான் தொப்பிக்காரரைச் சிக்கவைத்தது. தன் ஆட்கள் முன்னால் நாலு காகிதத்தை எண்ணப் பயந்தவர் என்று ஆகிவிடக்கூடாதே. தொப்பியை முழங்காலில் மாட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூடியில் எழுதியிருந்ததைப் படித்தார். நானூத்திப் பன்னெண்டு என்று அவர் வாயால் சொல்லி அந்தத் தெரு அன்றுதான் முதல் தடவை கேட்டது.

எண்ண ஆரம்பித்தார். முதல் ஐம்பது வரை சத்தம் போட்டு எண்ணினார், விளையாட்டுப்போல. நூறு தாண்டியதும் குரல் இறங்கியது. காகிதம் பழசு, சில உறைகளின் ஓரம் விட்டிருந்தது. செதில்கள் முறத்திலும் அவர் மடியிலும் நாற்காலியிலும் உதிர்ந்தன. அவர் கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கி உறைக்குள் போட்டுவிட்டுத் தொடர வேண்டியிருந்தது. தூண்டில் முள்ளில் புழுவைக் கோக்கிற விரல்களுக்கே அந்தச் செதில்கள் வழுக்கின. இருநூறில் வேர்த்தது. வேன் டிரைவர் எட்டிப் பார்த்தார்; என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு அவரும் வந்து வாசலில் நின்றுகொண்டார். யாரும் டீக்குக்கூட எழுந்து போகவில்லை.

மகளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நல்லது, வேர்க்கட்டும் என்று நினைத்தாள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பகலுக்கு இது எந்த மூலைக்கு? இன்னும் மெதுவாக எண்ணட்டும்.

முந்நூற்று எழுபது, எண்பது. கடைசி வரிசை. அவர் இரண்டு விரலால் கடைசி உறையை எடுத்து முறத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நானூத்திப் பதினொண்ணு."

அந்த நொடியில்தான் அவளுக்குப் பையிலிருந்த உறை ஞாபகம் வந்தது. சத்தியமாக அதுவரை வரவில்லை. காலையில் ஆசைக்கு எடுத்து வைத்தது. கணக்குப் போட்டு வைத்ததல்ல. அந்த ஆள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். வேர்த்து வடிய, ஒன்றுகூட விடாமல், தன் வாழ்நாளில் ஒருவேளை முதல் தடவையாக ஒரு எண்ணிக்கையை உள்ளபடி சொல்லியிருக்கிறார். அப்பாவாக இருந்தால் உடனே சொல்லியிருப்பார்: சார் எண்ணினது சரிதாம்மா, ஒண்ணு என் பையில இருக்கு.

அவள் அப்பா அல்ல.

"ஒண்ணு குறையுதே சார்" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எண்ணத் தெரியலயா? மறுபடி எண்ணுங்க."

அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். பைக்குப் பொத்தான் போட்டவள் அவள். அவள் வாயைத் திறந்தால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு, மாலையிலிருந்து பெட்டி விளிம்பில் உதிர்ந்திருந்த பூவிதழ்களைத் தட்டிவிட ஆரம்பித்தாள்.

தொப்பிக்காரர் மறுபடி எண்ணினார். இந்தத் தடவை சத்தமே இல்லை, உதடு மட்டும் அசைந்தது. சங்கத்து ஆட்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். இருநூறுக்குப் பக்கத்தில் எண்ணிக்கை விட்டுப்போய்த் திரும்ப ஒரு வரிசை பின்னால் போனார். யாரோ மணி பதினொன்று என்றார்கள். யாரோ பாவம் என்றார்கள். அது யாரைப் பற்றி என்று தெரியவில்லை. கடைசி உறை வந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். காலியான டப்பாவைச் சாய்த்து மூலைகளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற வேன் டிரைவரைப் பார்த்தார்.

பிறகு உறையை வைத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்.

"நானூத்திப் பன்னெண்டு. முன்னாடி நான்தான் ஒண்ண விட்டுட்டேன். சரியாத்தான் இருக்கு."

கூட்டம் மூச்சு விட்டது. ஓராயிரம் ஒன்றும் தப்பாக எண்ணவில்லையே என்று பேச்சு எழுந்தது. அவள் வேண்டும் என்று நினைத்தது அதுதான். வந்துவிட்டது. இதோடு விட்டிருக்கலாம். தம்பி அப்படித்தான் நினைத்தான். நிம்மதியாகப் பெட்டியின் மூடியைத் தூக்கப் போனான்.

"இருடா."

அவள் குனிந்தாள். மாலையை ஒதுக்கிவிட்டு, அப்பாவின் மேல்பைப் பொத்தானைக் கழற்றினாள். புது நூல் இறுக்கமாக இருந்தது, கொஞ்சம் நேரமாயிற்று. உறையை எடுத்து, தொப்பிக்காரரின் மடியில் இருந்த முறத்தில், மற்ற உறைகளுக்கு மேலே வைத்தாள்.

"இதோட சேத்துத்தான் சார் நானூத்திப் பன்னெண்டு."

முதலில் புரிந்தது தபால்காரருக்கு. அவரிடமிருந்து தும்மலை அடக்கினாற்போல ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் என்ன என்று கேட்க, அவர் சொல்ல, அது நாற்காலி நாற்காலியாகப் பின்னால் போனது. சங்கத்துச் சின்ன வயதுக்காரர் தலைவரைப் பார்த்த பார்வையை உடனே வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தொப்பிக்காரரின் முகத்தில் ரத்தம் இல்லை. அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலை ஏழு, எழுபத்தொரு சென்டிமீட்டர்.

அவர் எழுந்திருக்க முறத்தை அவள்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கூட்டம் வழி விட்டது. முதுகு அப்போதும் வளையவில்லை. தெரு முனை வரை அவர் நடந்து போனதை எல்லோரும் பார்த்தார்கள். கால்சட்டையின் பின்பக்கம் ஐந்தாறு செதில்கள் ஒட்டியிருந்தன, ஒவ்வொரு அடிக்கும் வெயிலில் பளிச்சென்று. தட்டிவிடச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை.

அம்மா கையை நீட்டினாள். மகள் உறையை எடுத்துக் கொடுத்தாள். அம்மா அதைப் பைக்குள் வைத்து, உள்ளே சரியாகப் போயிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பொத்தானைப் போட்டாள்.

"இப்ப மூடுங்க" என்றாள்.